வலிக்குதுன்னு சொன்னா நம்புங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: 'நோயாளிக்கு முதலில் வேண்டியது நோய்க்கு மருந்தா? வலிக்கு மருந்தா?' 'வலிக்கு மருந்தே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவர், கணியம்பாடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர்.)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியிலே கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் சங்கடமாகத் தெரிகிற டாக்டர் ஐயா அவர்களே! (சிரிப்பு) வேலூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசிய டாக்டர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "நோய் போனால் வலி தன்னாலே போயிடும். வேரை வெட்டினா இலை உதிராதா?" என்றார். கைதட்டல் பறந்தது. நானும் தட்டினேன். முப்பது வருஷம் டாக்டர் சொன்னதுக்குத் தலையாட்டிப் பழக்கம், கை தானாகத் தட்டிவிட்டது! (பலத்த சிரிப்பு)

ஆனால் ஐயா, வேரை வெட்டி இலை உதிர எத்தனை நாள் ஆகும்? அந்த நாள் வரைக்கும் அந்த ஆள் என்ன பண்ணணும்? வெட்ட முடியாத வேரும் இருக்கிறதே, அப்போ என்ன பண்ணணும்? அதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம்ம வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. சாமி 1981லேயே கோயிலுக்குத் திரும்பி வந்தாச்சு. ஆற்றுக்குத் தண்ணிதான் பாக்கி. (சிரிப்பு) ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. வலியே இல்லாத நோயாளிகளை உட்கார வைத்து, வலின்னா என்னன்னு உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் இது.

டாக்டர் பால் பிராண்ட். நம்ம கொல்லிமலையிலே 1914லே பிறந்த வெள்ளைக்காரர். 1946லே வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்திலே தொழுநோய்னா விரல் அழுகி விழுந்துடும், நோயே சதையைத் தின்னுடும்னு நம்பினாங்க. படிச்சவங்களும் அப்படித்தான் நம்பினாங்க. இவர் பொறுமையா உட்கார்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்குது, அதனாலே வலி தெரியலை. வலி தெரியாததாலே சூடான பாத்திரத்தை வெறுங்கையாலே எடுக்கிறாங்க. செருப்பிலே ஆணி ஏறினாலும் நடந்துகொண்டே இருக்கிறாங்க. ராத்திரி எலி வந்து விரலைக் கடிச்சாலும் எழுந்திருக்கிறதில்லை. விரல் போறதுக்குக் காரணம் அதுதான். கடைசியிலே நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தாங்களாம், எலியிடமிருந்து காப்பாற்ற! 1993லே அவர் எழுதிய புத்தகத்துக்கே வலி என்கிறது யாரும் கேட்காத பரிசு என்கிற பொருளிலேதான் தலைப்பு வைத்தார்.

எதிரணி இப்போ குறிப்பு எழுதறாங்க பாருங்க! "ஆகா, அந்த அம்மாவே ஒப்புக்கிட்டாங்க, வலி ஒரு பரிசு, அதைப் போக்கக் கூடாது"ன்னு! (சிரிப்பு) அவசரப்படாதீங்க சார், இன்னும் முடிக்கலை.

வலி ஒரு நாய். திருடன் வந்தா குரைக்கணும். குரைச்சாச்சு. வீட்டுக்காரர் எழுந்து விளக்கைப் போட்டாச்சு, திருடன் யாருன்னும் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறமும் விடிய விடிய, வாரக்கணக்கா, மாசக்கணக்கா குரைச்சுக்கிட்டே இருந்தா அது காவலா? அந்த வீட்டிலே மனுஷன் குடியிருக்க முடியுமா? வயிறு வலிக்குதுன்னு வந்தவனுக்குக் குடல்வால்னு கண்டுபிடிச்சாச்சு, அறுத்தாச்சு, தையலும் போட்டாச்சு. இனிமே அந்த வலி யாருக்கு என்ன சேதி சொல்லப் போகுது? எலும்பிலே புற்று பரவினவங்களுக்கு வர்ற வலி, என்ன புதுச் சேதி சொல்லுது? (கைதட்டல்)

இப்போ எங்க ஊருக்கு வர்றேன். கணியம்பாடி. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போற ரோட்டிலே, பாகாயம் தாண்டினா எங்க ஒன்றியம். ஒரு பக்கம் அமிர்தி காடு, அதுக்கு மேலே ஜவ்வாது மலை. நெல்லு, வேர்க்கடலை, கறவை மாடு, கூலி வேலை, இதுதான் எங்க பிழைப்பு. ஊர் பேர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பொது சுகாதாரம் படிக்கிறவங்களுக்கு உலகத்திலே பல மூலையிலே கணியம்பாடி தெரியும். ஏன்னா சி.எம்.சி.யின் சமுதாய நலப்பிரிவு, நாங்க 'சாட்'ன்னு சொல்லுவோம், பல பத்தாண்டுகளா எங்க ஒன்றியத்திலே வீடு வீடாப் போய் பிறப்பு, இறப்பு, பிரசவம் எல்லாத்தையும் எழுதி வைக்கிறாங்க. யார் வீட்டிலே என்ன குழம்புன்னு மட்டும்தான் எழுதலை. (சிரிப்பு)

அந்தக் கணக்கிலிருந்து ஒரு ஆராய்ச்சி 2010லே வெளிவந்தது. பிரிட்டனிலே வர்ற மனநல மருத்துவ இதழிலே. கணியம்பாடி ஒன்றியத்திலே தற்கொலை செய்துகொண்ட நூறு பேருடைய குடும்பத்தாரிடம் போய், பொறுமையா, மரியாதையா விசாரிச்சாங்க. அதே பகுதியிலே உயிரோடு இருக்கிற, அதே வயசு ஆட்களோடே ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நாம என்ன நினைப்போம்? மனநோய், காதல், கடன்னு நினைப்போம். நூறு பேரிலே மனநோய்னு பெயர் வைக்கக்கூடிய நிலையிலே இருந்தவங்க 37 பேர்தான். அப்போ மத்தவங்க? தீராத மன உளைச்சல், தனியா வாழறது, உறவு முறிஞ்சு போறது. இந்த வரிசையிலே நடுவிலே ஒண்ணு இருந்தது ஐயா. நாள்பட்ட வலி!

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நாள்பட்ட வலின்னா கேன்சர் மட்டும்னு நினைச்சுடாதீங்க. இடுப்பு வலி, முட்டி வலி, வயித்து வலி. நாம பஸ் ஸ்டாண்டிலே "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா, "இருக்கேம்மா, முட்டிதான் உயிரை வாங்குது"ன்னு சொல்லுவாங்களே, அந்த வலி! நாம அதைப் பேச்சுக்குச் சொல்றதா எடுத்துக்கிட்டு நகர்ந்துடறோம். உயிரை வாங்குதுன்னு அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே நம்பியிருக்கணும். (இந்த இடத்திலே ஒரு வார்த்தை. டி.வி. பார்த்துக்கிட்டிருக்கிற யாருக்காவது வாழ்ந்தது போதும்னு தோணினா, 104க்கோ 14416க்கோ ஒரு போன் போடுங்க. காசு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முதல்லே சொல்லுங்க.)

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி பேரெல்லாம் வேண்டாம். எல்லா இடத்திலேயும் கட்டில் தலைமாட்டிலே ஒரு அட்டை தொங்கும். அதிலே காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, பி.பி. எவ்வளவு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கும். ஆறு மணிக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை எழுதுவோம். நான் சேர்ந்த காலத்திலே வலிக்கு மட்டும் கட்டம் கிடையாது. காய்ச்சல் நூத்தி ஒண்ணுன்னா டூட்டி டாக்டரை எழுப்பலாம். வலி தாங்க முடியாமல் ஒருத்தர் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா எதைக் காட்டி எழுப்பறது? எந்தக் கட்டத்திலே எழுதறது? எழுதாத ஒண்ணு ரவுண்ட்ஸிலே இல்லாத ஒண்ணு, அவ்வளவுதான்.

அப்புறம் 'எஸ்.ஓ.எஸ்.'னு ஒரு மூணெழுத்து மந்திரம். தேவைப்பட்டால் கொடுன்னு அர்த்தம். யாருக்குத் தேவைப்பட்டால்? நோயாளிக்கு வலி வரணும், அவர் கூச்சப்படாமல் கூப்பிடணும், கூட இருக்கிறவர் சிஸ்டரைத் தேடணும், சிஸ்டர் நாற்பது நோயாளிக்கு நடுவிலே ஓடிக்கிட்டிருக்கணும், சாவி யாரிடம்னு தேடணும், ஊசி போடணும், அது வேலை செய்ய அரை மணி ஆகணும்! இதுக்குள்ளே ஒண்ணரை மணி நேரம் போயிருக்கும். (கைதட்டல்) விளக்கு அணைஞ்சதுக்கு அப்புறம் எண்ணெய் ஊத்தறதா, அணையறதுக்கு முன்னாடியே ஊத்தறதா? எங்க பாட்டிக்குத் தெரிஞ்ச விஷயம் இது. உலக சுகாதார நிறுவனம் 1986லே புற்றுநோய் வலிக்கு இதைத்தான் சொன்னது. முடிஞ்ச வரைக்கும் வாய் வழியாக் கொடு, கடிகாரம் பார்த்துக் கொடு, படிப்படியா ஏத்திக் கொடு. பாராசிட்டமால் மாதிரி சாதாரண மாத்திரை முதல் படி. கேட்கலைன்னா கோடீன் மாதிரி அடுத்த படி. அதுவும் கேட்கலைன்னா மார்ஃபின். மூணே படி. மாடிக்குப் போகவே இதைவிட நிறைய படி ஏறணும்!

சரி, வலி எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தெர்மாமீட்டரா இருக்குன்னு டாக்டர் ஐயா கேட்பார். இருக்கு! நோயாளியோட வாய்தான் தெர்மாமீட்டர். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லச் சொல்றது உலகம் பூரா வழக்கம். எங்க கிராமத்துப் பெரியவங்ககிட்டே போய்ப் பூஜ்யம், பத்துன்னா முழிப்பாங்க. நான் ரூபாய்க் கணக்கிலே கேட்பேன். "பெரியவரே, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா, இப்போ உமக்கு எத்தனை பைசா வலி?" உடனே சொல்லுவார், "எழுபத்தஞ்சு பைசா இருக்கும்மா." மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சுக் கேட்டா, "இப்போ நாலணா." கணக்கு ரொம்பச் சுத்தம்! வட்டி கட்டிப் பழகின ஜனங்களாச்சே! (சிரிப்பு, கைதட்டல்)

எவ்வளவுன்னு கேட்டாச்சு. எப்படி வலிக்குதுன்னு கேட்டோமா? இதிலேதான் தமிழனுக்கு அடிச்சது யோகம். வலிக்கு நம்ம மொழியிலே எத்தனை வார்த்தை! குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, இழுக்குது, பிசையுது, சுருக்குங்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மதமதன்னு இருக்குது, கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குது. இதெல்லாம் அழகுக்குச் சொல்ற வார்த்தைன்னு நினைச்சீங்களா? ஒவ்வொண்ணும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்! பிசையுது, வந்து வந்து போகுதுன்னா குடலோ பித்தப்பையோ முறுக்கிக்கிட்டிருக்கலாம். எரியுது, ஊசி ஊசியா ஏறுது, கரண்ட் அடிக்குதுன்னா நரம்பு கெட்டிருக்கு, சர்க்கரைக்காரங்க பாதத்திலே வர்றது, அக்கி வந்து போனதுக்கப்புறம் வர்றது. அந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரையை டஜன் டஜனாக் கொடுத்தாலும் கேட்காது. அதுக்கு வேற மருந்து, அமிட்ரிப்டிலின், காபாபென்டின்னு. விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னா சீழ் கட்டியிருக்கான்னு பார்க்கணும். ஒரு கிராமத்து அம்மா, "கணுக்கால்லே எறும்பு ஊர்ற மாதிரி எரியுதும்மா"ன்னு ஒரே வாக்கியத்திலே நோயை நமக்குச் சொல்லித் தர்றாங்க. நாம கேஸ் ஷீட்டிலே 'கால் வலி'ன்னு எழுதறோம். அவ்வளவு பெரிய தகவலை ரெண்டே வார்த்தையாச் சுருக்கினவங்க யாரு? அவங்களா, நாமளா? (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, எங்க வீட்டிலே எனக்குத் தலைவலின்னு சொன்னாலே, "உங்களுக்குன்னா வலி, எனக்குன்னா நடிப்பா?"ன்னு கேக்குறாங்க. அதுக்கு எத்தனை பைசா?

அது வலியில்லீங்க ஐயா, பாக்கி! (பலத்த சிரிப்பு) ஆனால் நடுவர் ஐயா விளையாட்டாச் சொன்னதிலே ஒரு விஷயம் இருக்கு. பெண்ணுக்கு வலின்னா நம்ம ஊரிலே யாரும் நம்பறதில்லை. பிரசவ வார்டிலே நான் என் காதாலே கேட்டிருக்கேன். வலியிலே துடிக்கிற பெண்ணைப் பார்த்து, இந்த மேடையிலே சொல்லக் கூசற வார்த்தையெல்லாம் சொல்லுவாங்க. "அன்னிக்குத் தெரியலையா, இப்போ கத்துறியே"ன்னு! அந்தப் பொண்ணு அப்புறம் வாயே திறக்காது. வாயைத் திறக்காத நோயாளி நல்ல நோயாளின்னு பேர் வேற வாங்கிடுவா. (கைதட்டல்)

அதைவிடக் கொடுமை, பேசத் தெரியாத நோயாளிக்கு. பச்சைக் குழந்தை! 1980கள் வரைக்கும் உலகத்திலே பல பெரிய ஆஸ்பத்திரிகளிலே, பிறந்த குழந்தைக்கு நரம்பு முதிரலை, வலி தெரியாதுன்னு நம்பினாங்க. ஆபரேஷன் பண்ணும்போது அசையாமல் இருக்க மருந்து கொடுப்பாங்க, லேசா மயக்க வாயு கொடுப்பாங்க, வலி மருந்து கொடுக்க மாட்டாங்க. அதை மாத்தினவங்களிலே முக்கியமானவர் இந்தூரிலே டாக்டருக்குப் படிச்ச நம்ம நாட்டுக்காரர், ஆனந்த். ஆக்ஸ்ஃபோர்டிலே இருக்கும்போது 1987லே லான்செட் இதழிலே எழுதினார். குறைமாசக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ணும்போது வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். கொடுத்த குழந்தைங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல்கள் குறைவு!

எதிரணிக்கு நான் சொல்ல வர்றது இதுதான். வலிக்கு மருந்து கொடுத்தா நோயைக் கவனிக்காமல் விட்டதா ஆகாது. நோய் தீர்றதுக்கே அது வழி. வயித்திலே ஆபரேஷன் பண்ணினவரை இரும்மச் சொல்றோம், சளி வெளியே வரணும்னு. தையல் வலிக்குதுன்னு அவர் இரும்ப மாட்டார். சளி தங்கி நிமோனியா. எழுந்து நடக்கச் சொல்றோம். வலிக்குதுன்னு நடக்க மாட்டார். காலிலே ரத்தம் கட்டி உறையுது. ஆபரேஷன் சக்சஸ், ஆனா நோயாளி ஐ.சி.யூ.விலே! டாக்டர் ஐயா, நீங்க போட்ட தையலைக் காப்பாத்தறதே எங்க வலி மாத்திரைதான். (கைதட்டல்)

இப்போ மார்ஃபின். பேரைக் கேட்டாலே பயம். "ஐயையோ, போதை மருந்தாச்சே!" மார்ஃபின் எதிலிருந்து வருது? அபின். அபின் எதிலிருந்து? கசகசாச் செடியோட காயைக் கீறினா வர்ற பால். குருமாவிலே அரைச்சு ஊத்தறோமே, அதே கசகசா! மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலே அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துப் பயிர் பண்ண வைக்குது. நீமச்சிலேயும் காஜிப்பூரிலேயும் அரசாங்கத்துத் தொழிற்சாலையே இருக்கு. உலகத்துக்கே வலி மருந்துக்கு மூலப்பொருள் ஏற்றுமதி பண்ற நாடு நம்ம நாடு. ஆனா நம்ம நாட்டிலே வலியிலே துடிக்கிறவனுக்கு அது கிடைக்கலை! நெல்லு விளையற ஊரிலே பட்டினி கிடந்த கதைதான்.

காரணம் என்ன? 1985லே போதைப்பொருள் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்த சட்டம், நல்ல சட்டம்தான். ஆனா தண்டனை குறைஞ்சது பத்து வருஷம்ங்கிற பயத்திலே, ஒவ்வொரு மாநிலமும் லைசென்ஸுக்கு மேலே லைசென்ஸ் கேட்டதாலே, ஆஸ்பத்திரிகளும் கடைக்காரர்களும் மார்ஃபின் வாங்கறதையே விட்டுட்டாங்க. வருஷத்துக்குப் பல நூறு கிலோ செலவான மருந்து, 1997லே நாடு முழுக்கச் சேர்த்துச் சுமார் 18 கிலோவுக்கு வந்துடுச்சு. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணாலே பார்க்காமலேயே பட்டம் வாங்கினாங்க. கடத்தல்காரன் வழியை மாத்திக்கிட்டான். மாட்டினது புற்றுநோய்க்காரன்! (கைதட்டல்) டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா டெல்லிக்கு நடையா நடந்தாங்க. 2014லே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தினது. பல லைசென்ஸுக்குப் பதிலா, அங்கீகாரம் வாங்கின மருத்துவ நிலையம் ஒரே அனுமதியிலே வச்சுக்கலாம்னு ஆச்சு. சட்டம் திருந்தி இத்தனை வருஷமாச்சு. பயம் இன்னும் திருந்தலை.

எதிரணி எழுந்து கேட்பாங்க: "அமெரிக்காவைப் பாருங்க!" பார்க்கிறேன் சார். 1996லே ஒரு கம்பெனி ஆக்ஸிகான்டின்னு ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து, முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் எழுதுங்க, பழக்கமாகாதுன்னு டாக்டர்களை நம்ப வச்சது. அதுக்கப்புறம் அந்த வகை மருந்தாலே லட்சக்கணக்கானவங்க செத்தாங்க. உண்மை, மறைக்க மாட்டேன். அங்கே என்ன நடந்தது? நோயாளியை உட்கார வச்சுக் கேட்காமல் கம்பெனிக்காரன் சொன்னதைக் கேட்டாங்க. இடுப்பு வலிக்கு மார்ஃபின் கொடுங்கன்னு நான் சொல்லலை. இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, வேலை செய்யற முறையை மாத்தறது, தேவைக்கு மாத்திரை. புற்று வலிக்கு மார்ஃபின், ரெட்டைப் பூட்டு அலமாரி, ரிஜிஸ்டர், ரெண்டு கையெழுத்து. அங்கே அளவுக்கு மேலே ஊத்தினாங்க, இங்கே சொட்டுகூட இல்லை. வெள்ளத்தைக் காட்டிக் குடிதண்ணியை நிறுத்தலாமா? (பலத்த கைதட்டல்)

சொல்லப்போனா நம்ம கிராமத்திலே ஆபத்து வேற பக்கம் இருக்கு. நாள் பூரா நடவு நட்டுட்டு, சாயங்காலம் "ஒரு ஊசி போட்டுக்கிட்டா சரியாப் போகும்"னு போறாங்க. என்ன ஊசின்னு கேட்கிறதில்லை. டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் மாறி மாறி ஏறுது. வயிறு புண்ணாகி, கிட்னி கெட்டு வர்றாங்க. அதே டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட்டு, அந்தச் செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006லே மாட்டுக்குப் போடறதைத் தடை பண்ணினாங்க. கழுகுக்காவது ஆள் இருந்தது கேட்க! முறையான இடத்திலே வலிக்கு மருந்து கிடைச்சா இவங்க ஏன் அந்தத் தகரக் கொட்டாய்க்குப் போறாங்க?

ஒரு அம்மா கதை சொல்றேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், மலையடிவாரம்னு வச்சுக்கோங்க. கர்ப்பப்பை வாயிலே புற்று, முத்திப்போச்சு. ஒரு ஆஸ்பத்திரியிலே, "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. சீட்டிலே ஒரு வலி மாத்திரை, அதே எஸ்.ஓ.எஸ். நான் ரிட்டையராகி வந்த புதுசு. போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்காங்க. உதட்டைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணு. "வலிக்குதாம்மா?"ன்னேன். "இல்ல கண்ணு, நல்லாதான் கீறேன்"னாங்க. மகன் வெளியே போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "வலின்னு சொன்னா எம்புள்ள மறுபடி காரு வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவான். இன்னா கீது எங்க கையில? கறவை மாடு ஒண்ணுதான் கீது. அத்த வித்துடுவான் கண்ணு."

மாட்டைக் காப்பாத்த வலியை மறைச்சிருக்காங்க!

லண்டனிலே 1967லே செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்னு ஒரு இல்லம் தொடங்கின சிசிலி சாண்டர்ஸ் அம்மா, அவங்க நர்ஸா இருந்து அப்புறம் டாக்டரானவங்க, 'முழு வலி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. உடம்பு வலி, மன வலி, கடன் வலி, சாமி மேலே கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் வலின்னு. எங்க மலையடிவாரத்து அம்மா லண்டனுக்குப் போகலை, ஆனா அதையேதான் சொன்னாங்க.

மார்ஃபின் மாத்திரை ஏற்பாடு பண்ணினோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மலம் கட்டும், அதுக்குக் கூடவே ஒரு மருந்து. இது ரொம்ப முக்கியம், பல பேர் இதை மறந்துட்டு மார்ஃபினைத் திட்டுவாங்க. முதல் ரெண்டு நாள் தூங்கினாங்க. மகன் பயந்துட்டான், "மயக்கத்திலேயே வச்சிருக்கீங்களா?"ன்னு. அது மயக்கம் இல்லை தம்பி, மூணு மாசத் தூக்கப் பாக்கின்னேன். மூணாம் நாள் தலை வாரி விடச் சொன்னாங்க. கருவாட்டுக் குழம்பு கேட்டாங்க. அடுத்த வாரம் திண்ணையிலே உட்கார்ந்து பால் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்து, ஒரு வாரத்துக்கு அரை லிட்டர் குறைச்சு எழுதியிருக்கான்னு கண்டுபிடிச்சுச் சண்டை போட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்) நோய் போகலை. ரெண்டு மாசம் கழிச்சுப் போய்ச் சேர்ந்துட்டாங்க. மாடு விற்கலை. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்ன இடத்திலே, செய்யறதுக்கு இவ்வளவு இருந்தது சார்!

முடியுமான்னு கேட்கிறீங்களா? பக்கத்திலே கேரளாவிலே செஞ்சு காட்டினாங்க. 1993லே கோழிக்கோட்டிலே டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரணச் சங்கம்னு சின்னதா ஆரம்பிச்சாங்க. ஆட்டோக்காரர், வாத்தியார், கல்லூரிப் பசங்க எல்லாரும் பயிற்சி எடுத்து வீடு வீடாப் போனாங்க. 2008லே கேரள அரசாங்கம் அதையே கொள்கையா அறிவிச்சது. நம்ம மாநிலத்திலே 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. பி.பி., சர்க்கரை மாத்திரையோடே, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரணும்ங்கிறது அந்தத் திட்டத்திலேயே இருக்கு. வாசல் வரைக்கும் வண்டி வந்தாச்சு. வர்ற தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது, பி.பி. கருவியை எடுக்கறதுக்கு முன்னாடி, "இன்னிக்கு எத்தனை பைசா வலி?"ன்னு கேளுங்க. கேட்டதை எழுதுங்க. மாத்திரை கொடுத்தா ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி கேளுங்க, அதையும் எழுதுங்க. கட்டம் இல்லைன்னா ஸ்கேல் வச்சு ஒரு கோடு போடுங்க, கட்டம் வந்துடும். நான் அப்படித்தான் போட்டேன். (கைதட்டல்)

வள்ளுவர் மருந்துன்னு ஒரு அதிகாரமே வச்சார், 95ஆவது அதிகாரம். அதோட கடைசிக் குறளிலே மருத்துவத்துக்கு நாலு அங்கம்னு எண்ணிச் சொல்றார். நோயாளி, வைத்தியர், மருந்து, அந்த மருந்தைப் பக்கத்திலே இருந்து கொடுக்கிறவர். டாக்டர் ஐயா ரவுண்ட்ஸிலே ஒரு கட்டிலுக்கு ரெண்டு நிமிஷம் நிற்பார், அவருக்கு வேலை அப்படி. பாக்கி இருபத்தி மூணே முக்கால் மணி நேரத்துக்கும் மேலே பக்கத்திலே இருக்கிறது அந்த நாலாவது ஆள். பெத்த தாயோ, கட்டின பொண்டாட்டியோ, பெஞ்சிலே தூங்கற மகளோ, எங்களை மாதிரி ஒரு சிஸ்டரோ. வலியைப் பார்த்தவங்க அவங்கதான். அவங்க சொன்னா அதை கேஸ் ஷீட்டிலே ஏத்துங்க.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. எனக்கு அடுத்து எதிரணியிலே பேச வர்ற சர்ஜன் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி வச்சுட்டுப் போறேன். பதில் சொல்லிட்டுத்தான் ஐயா உங்க பேச்சை ஆரம்பிக்கணும். நேத்து ராத்திரி உங்க வார்டிலே எத்தனை பேர் தூங்கலை?

(நீண்ட கைதட்டல்)